ஈசியூவை மாற்றுமுன் எர்த் ஒயரைப் பார்

அன்புள்ள மச்சான்,

நீ எழுதியதைப் படித்தேன். அப்பா கைத்தடி இல்லாமல் தெருமுனை டீக்கடை வரை போய் வருகிறார் என்ற வரியை அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். உடனே சாமி படத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, குடியாத்தம் போகும்போது அவருக்கு இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் வாங்கிக்கொண்டு போ என்று சொல்லிவிட்டார்கள். இங்கே எல்லோரும் சுகம். சத்துவாச்சாரியில் வெயில் இன்னும் இறங்கவில்லை, ராத்திரி பத்து மணிக்கும் மொட்டைமாடித் தரை சுடுகிறது.

சரி, ஸ்டார்ட் ஆகாமல் நிற்கிற உன் புல்லட்டுக்கு வருகிறேன். ஈசியூ, அதாவது பெட்ரோலையும் பொறியையும் கட்டுப்படுத்துகிற அந்த மின்னணுப் பெட்டி, போய்விட்டது, புதுசு போட ஆகும் செலவுக்கு வண்டியையே விற்றுவிடலாம் என்று மெக்கானிக் சொன்னதாக நீ கடைசியில் எழுதியிருந்தாயே, அதிலிருந்து எனக்கு மனசே ஆறவில்லை. தயவுசெய்து அவசரப்பட்டு அந்த முடிவை எடுக்காதே. மல்டிமீட்டர்கூட வைத்துப் பார்க்காமல் ஈசியூ போச்சு என்று ஒருவர் சொன்னால் நம்பாதே. பழைய எஃப்ஐ வண்டியில், அதாவது கார்பரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் பெட்ரோலைப் பீய்ச்சுகிற வண்டியில், அது பழுதாவது அபூர்வம். பேட்டரி, எர்த், பெட்ரோல் மூன்றையும் பார்த்து முடித்த பிறகுதான் அந்தப் பெட்டி மேல் சந்தேகமே வர வேண்டும்.

கிக்கர் அடித்தாலும் வரவில்லையே, பேட்டரி எப்படிக் காரணமாகும் என்று கேட்டிருந்தாய். கார்பரேட்டர் வண்டியாக இருந்தால் நியாயமான கேள்விதான். அதில் பெட்ரோல் தானாக இறங்கும், காலுக்குப் பலம் இருந்தால் போதும். உன் கிளாசிக் 500 எஃப்ஐ புல்லட்டில் அப்படி இல்லை. டேங்குக்குள் இருக்கிற மின்சார பம்ப் ஏறக்குறைய 3 பார் அழுத்தத்தில் பெட்ரோலை இன்ஜெக்டருக்குத் தள்ள வேண்டும், சரியான நேரத்தில் இன்ஜெக்டரை ஈசியூ திறந்து மூட வேண்டும், இரண்டுக்குமே பேட்டரியிலிருந்து ஒழுங்காகக் கரண்ட் வர வேண்டும். லைட் எரிகிறது, ஹாரன் அடிக்கிறது என்பதை வைத்துப் பேட்டரி நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்ட முடியாது. அப்பா ஆஸ்பத்திரியில் இருந்த காலம் முழுக்க வண்டி திண்ணையோரமாகவே நின்றிருக்கிறது, அந்தப் பேட்டரி என்ன கதியில் இருக்கும் என்று நீயே யோசித்துப் பார். மல்டிமீட்டர் வைத்தால் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும், 12க்குக் கீழே போயிருந்தால் கிட்டத்தட்டக் காலி. அதைவிட முக்கியம், செல்ஃபை அமுக்கும்போது எவ்வளவுக்கு இறங்குகிறது என்பது. 10க்குக் கீழே விழுந்தால் செல்ஃப் மோட்டார் சுற்றினாலும் ஈசியூ ரீசெட் ஆகிவிடலாம், பம்பும் பலம் இல்லாமல் ஓடும். பார்க்கிறவனுக்கு ஈசியூ செத்த மாதிரியே தெரியும்.

பேட்டரி சரி என்றால் அடுத்தது எர்த். இதை மட்டும் யாரும் கழற்றிப் பார்ப்பதில்லை, எனக்கு அதில்தான் கோபம் வரும். பேட்டரி மைனஸிலிருந்து சேசிஸுக்குப் போகிற ஒயரின் போல்ட்டைத் தொட்டுப் பார்த்தால் இறுக்கமாகத்தான் இருக்கும். கழற்றினால் வளையத்துக்கு அடியில் பச்சையாகப் பூத்து, சேசிஸ் பக்கம் துரு ஏறி, செம்பும் இரும்பும் ஒன்றை ஒன்று தொடுகிற இடமே நகக்கண் அளவுதான் மிச்சம் இருக்கும். இரண்டு பக்கமும் உப்புத்தாள் போட்டுப் பளபளவென்று தேய்த்து, இறுக்கி, மேலே கொஞ்சம் வாசலின் தடவிவிடு. இதற்குச் செலவே இல்லை.

அப்புறம் காதுக்கு வேலை. தெரு அடங்கின நேரமாகப் பார்த்து, ஹேண்டில்பாரில் எஞ்சினை நிறுத்துகிற கில் சுவிட்சை ரன்னில் வைத்து, சாவியைத் திருப்பி டேங்குப் பக்கம் காதைக் கொடு. பம்ப் இரண்டு மூன்று விநாடி முனகிவிட்டு நிற்க வேண்டும், ஸ்பீடோமீட்டர் பக்கம் எஞ்சின் லைட்டும் எரிந்து அணைய வேண்டும். செல்ஃபையோ கிக்கரையோ அதற்குப் பிறகுதான் தொட வேண்டும், சாவி திருப்பிய கையோடு அமுக்கினால் லைனில் அழுத்தம் ஏறியிருக்காது. சத்தமே வரவில்லையா? ஃபியூஸ், ரிலே, கில் சுவிட்சின் உள் முனை, பம்ப் கனெக்டர் என்று வரிசையாகப் பார். எலி கடித்திருக்கிறதா என்று சீட்டைத் தூக்கி ஒயரையும் பார்த்துவிடு, நிற்கிற வண்டி என்றால் எலிக்கு ரொம்பப் பிடிக்கும். எஞ்சின் லைட் அணையாமல் மினுக்கினால் அதுவே உனக்குத் தகவல் சொல்கிறது. நீளமான மினுக்கைப் பத்தாகவும் குட்டையானதை ஒன்றாகவும் எண்ணிக் குறித்து வை, சர்வீஸ் புத்தகத்தோடு ஒப்பிட்டால் எந்த சென்சார் என்று தெரிந்துவிடும்.

பம்ப் ஓடியும் எஞ்சின் பிடிக்கவில்லை என்றால் பிளக்கைக் கழற்று. கொஞ்ச நேரம் செல்ஃப் அடித்த பிறகு அது ஈரமாக இருந்தால் பெட்ரோல் வருகிறது, நெருப்புதான் வரவில்லை. காய்ந்து கிடந்தால் பெட்ரோலே எட்டவில்லை. மெக்கானிக் இந்த ஒன்றைச் செய்திருந்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்திருக்கும்.

உன் விஷயத்தில் பிளக் காய்ந்துதான் இருக்கும் என்று என் மனசு சொல்கிறது. இப்போது பங்கில் போடுவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், உன் வண்டியோ 2012 மாடல், அதை நினைத்துச் செய்ததில்லை. எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். டேங்கைப் பாதியாக விட்டு மாசக்கணக்கில், அதுவும் மழைக்காலத்தில் நிறுத்தினால் ஒரு கட்டத்தில் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து தனியாகப் பிரிந்து அடியில் தங்கிவிடும். பம்ப் உறிஞ்சுகிற இடமும் அந்த அடிதான். இரும்பு டேங்க் என்பதால் துருவும் அங்கேயே சேரும். என் வண்டியின் பம்பைக் கழற்றியபோது அடியில் இருக்கிற வலை, வெள்ளையாக இருக்க வேண்டியது, டிக்காஷன் நிறத்தில் இருந்தது. விரலால் தொட்டால் நெறநெறவென்று துரு. ஓஸ் பைப்பையும் அமுக்கிப் பார், விறைத்தோ வீங்கியோ இருந்தால் மாற்றிவிடு. இந்த வேலையெல்லாம் வெட்டவெளியில், பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டுச் செய்ய வேண்டியது, வீட்டுக்குள் வேண்டவே வேண்டாம்.

காலையில் ஜம்மென்று கிளம்பி, சூடானதும் நின்று, ஆறினதும் மறுபடி கிளம்புகிறது என்றால் மட்டும் வழி வேறு. போளூர் வழியாக ஜமுனாமரத்தூர் ஏறும்போது என் வண்டி அப்படித்தான் மத்தியான வெயிலில் நின்றது. பம்ப் சத்தம் வந்தது, பெட்ரோல் வந்தது, பிளக்கில் பொறி மட்டும் இல்லை. புளியமர நிழலில் தள்ளிப் போட்டு உட்கார்ந்திருந்தோம், எஞ்சின் ஆறியதும் ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆனது. கடைசியில் பார்த்தால் எஞ்சின் சுற்றுவதை ஈசியூவுக்குச் சொல்கிற கிராங்க் சென்சார், நம் பட்டறைகளில் பிக்கப் காயில் என்பார்களே, அது சூட்டில் செத்து ஆறினால் உயிர் பெற்றுக்கொண்டிருந்தது. உன் வண்டி எஞ்சின் ஆறிக் கிடக்கும்போதே வரவில்லை என்கிறாய், அதனால் இப்போதைக்கு இதை ஒதுக்கிவிடலாம்.

மெக்கானிக் மேல் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. 2006ல் ஹீரோ ஹோண்டா கிளாமர் பைக்கில் எஃப்ஐ வந்தபோது அதைத் தொடவே பயந்த காலம் ஒன்று இருந்தது. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 புகை விதி வந்த பிறகு காட்பாடி, ராணிப்பேட்டை எங்கே பார்த்தாலும் ஸ்கேனர் வைத்திருக்கிறார்கள், ஆனால் புது வண்டி ஸ்கேனரின் ஒயர் பழைய வண்டி சாக்கெட்டில் பொருந்தாமல் போகும்போது சிலர் பொறுமையை விட்டுவிடுகிறார்கள். பொறுமையாகப் பார்க்க நாம் இருக்கிறோம். கல்யாணத்துக்கு முன்னால் நீ உன் சம்பாத்தியத்தில் வாங்கின முதல் பொருள் அது, அதை ஒரு எர்த் ஒயருக்காகவோ ஒரு வலைக்காகவோ கைவிட நான் விடமாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பஸ்ஸில் மல்டிமீட்டரோடு வருகிறேன். அதற்குள் பேட்டரியைக் கழற்றி, ஒரு ஆம்பியர் அளவில் மெதுவாகச் சார்ஜ் போட்டு வை. டேங்கில் இருக்கிற பெட்ரோலை மட்டும் கொட்டிவிடாதே, அடியிலிருந்து கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து, தண்ணீர் பிரிந்து கோடு விழுகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
சத்துவாச்சாரியிலிருந்து உன் மச்சான்