ஆம்ப்பை விற்கப் போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

நீ அனுப்பிய கிட்டார் பதிவைக் கேட்டேன். "வாசிக்கும்போது தெரியலண்ணா, ரெக்கார்ட் பண்ணிக் கேட்டா ஊசி குத்துற மாதிரி இருக்கு. இத வித்துட்டு வால்வு ஆம்ப் வாங்கிடவா?" என்கிறாய். கொஞ்சம் பொறு. உன் ஆம்ப் டிரான்சிஸ்டரில் ஒலியைப் பெருக்குவது, நீ கேட்கும் வால்வு ஆம்ப் கண்ணாடிக் குழாயில் (ட்யூப் என்பதும் அதுதான்) பெருக்குவது.

முதலில் ஆம்ப்பைத் தூக்கி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் வை. இப்போது அது தரையில் உன் முழங்காலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறது. ட்ரெபிள், அதாவது கீச்சென்ற மேல் ஒலி, டார்ச் வெளிச்சம் மாதிரி ஸ்பீக்கருக்கு நேரே பாயும். பேஸ், அதாவது அடி ஒலி, அறை முழுக்கப் பரவும். நின்று வாசிக்கிற உனக்கு ட்ரெபிள் போதவில்லை, குமிழை எட்டுக்குத் திருப்பிவிட்டாய். ஸ்பீக்கருக்கு நேரே இருந்து ரெக்கார்ட் செய்த போனுக்குத்தான் உண்மை கேட்டது. எனக்கு இது புரிய இரண்டு வருஷம் ஆனது. கீழே விழுந்த பிக்கை (கம்பியை மீட்டும் சிறு தகடு) எடுக்கக் குனிந்தேன், ஒலித்துக்கொண்டிருந்த ஸ்ட்ரிங்கின் சத்தம் ஸ்பீக்கரிலிருந்து காதில் அறைந்தது. அதுவரை ஆம்ப்பைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

நாற்காலியில் வைத்தபின் ட்ரெபிளை நாலுக்கு இறக்கு, மிட்டை (நடு ஒலி) ஏழுக்கு ஏற்று. கிட்டாரில் டோன் குமிழ் என்று ஒன்று இருக்கிறது, அதைப் பத்திலேயே விட்டுவைக்கச் சொன்னது யார்? ஏழில் வைத்துப் பார். ('வார்ம்' என்கிறார்களே, அதைச் சூடு என்று சொன்னால் நம் ஊரில் யாருக்கும் புரியாது. இதம் என்றால் சரியாக இருக்கும்.)

அடுத்தது கெயின், உள்ளே வரும் சிக்னலை ஆம்ப் எவ்வளவு பெருக்க வேண்டும் என்று சொல்லும் குமிழ். வால்வை அதன் எல்லைக்கு மேல் தள்ளினால் ஒலி அலையின் உச்சி மெல்ல மெல்ல மழுங்கும். டிரான்சிஸ்டரைத் தள்ளினால் உச்சியைக் கத்தியால் சீவியதுபோல் தட்டையாக வெட்டிவிடும். அந்த வெட்டின் கூர்முனைதான் மேல் சுரங்களாகக் கீச்சிடுவது. அதனால் ஆம்ப்பை க்ளீனிலேயே, கரகரப்பில்லாமல் வை, கரகரப்பைக் கிட்டாருக்கும் ஆம்ப்புக்கும் நடுவே காலால் மிதிக்கும் ஒரு ஓவர்டிரைவ் பெடல் தரட்டும். ட்யூப் ஸ்க்ரீமர் வகை போதும், 720 ஹெர்ட்ஸ் பக்கம் மிட்டைத் தூக்கிக் கொடுக்கும். பெடலின் லெவலை (அதிலிருந்து வெளியே போகும் ஒலியளவை) ஏற்றாதே. வால்வு ஆம்ப்புக்குச் சொல்கிற அந்த உபாயம் இங்கே எடுபடாது, ஆம்ப்பின் வாசலிலேயே வெட்டு விழும். பெயரில்தான் ட்யூப், திறந்து பார்த்தால் உள்ளே ஒரு ஐ.சி.யும் டயோடுகளும்தான்!

ப்ளூஸ் கிட்டார் மேதை பி.பி. கிங் பல வருஷம் மேடையில் வைத்திருந்தது லேப் சீரிஸ் எல்5 என்ற ஆம்ப். அதில் ஒரு வால்வுகூடக் கிடையாது. அவர் விரல் உனக்கும் எனக்கும் இல்லை, அது வேறு.

இவ்வளவும் செய்தபிறகும் குத்தினால் ஒலியை ஏழு பட்டையாகப் பிரித்துத் தனித்தனியே ஏற்றி இறக்கும் என் ஈக்யூ பெடலைத் தருகிறேன், 3.2 கிலோஹெர்ட்ஸை மட்டும் கொஞ்சம் இறக்கிப் பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். அதற்குள் விற்பனை விளம்பரம் எதுவும் போட்டுவிடாதே.

அன்புடன்,
அண்ணன்