வெபர்னின் பனிமலை

அன்புள்ள ஆசிரியருக்கு,

போன இதழில் நவீன மேற்கத்திய இசை பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஆன்டன் வெபர்னுக்கு அதில் கிடைத்தது ஒரே வரி, அவர் இசை கணக்குப் போட்டு எழுதியது, ஈரமில்லாதது என்று. இதை அப்படியே விட எனக்கு மனமில்லை. பின்னாளில் அவர் பன்னிரண்டு ஸ்வரங்களையும் ஒரு வரிசையாகக் கோத்து அதன்படி எழுதும் பன்னிரு ஸ்வர முறைக்குப் போனது உண்மைதான், ஆனால் 1905 கோடையில் எழுதிய ஸ்ட்ரிங் குவார்டெட்டை ஒருமுறை கேட்டவர்கள் இப்படி எழுத மாட்டார்கள். இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ, கிட்டத்தட்ட கால் மணி நேரம், அவ்வளவுதான். அப்போது அவருக்கு 21 வயது, இசையமைப்பாளர் ஷோன்பெர்கிடம் பாடம் கேட்க ஆரம்பித்து ஓராண்டுகூட ஆகவில்லை.

அதற்கு வித்து ஓவியம். ஸ்விட்சர்லாந்தின் எங்கடீன் மலைகளை ஜியோவன்னி செகன்டினி மூன்று பெரிய படங்களாக வரைந்தார். ஆதல், இருத்தல், மறைதல் என்று ஜெர்மனில் அவற்றுக்குப் பெயர், வெபர்ன் தன் குவார்டெட்டுக்குப் போட்ட திட்டத்திலும் இதே மூன்று சொற்கள்தான். நடுப்படம் மட்டும் 4 மீட்டர் அகலம், அதை வரைந்துகொண்டிருந்தபோதே 1899ல் மலைமேல் செகன்டினி இறந்துபோனார், வயது 41. இசையிலும் ஒரு செகன்டினி வர வேண்டும், உலகச் சந்தடியை விட்டு விலகி, பனியாறுகளைப் பார்த்தபடி தனிமையில் எழுதுகிறவராக இருக்க வேண்டும் என்று வெபர்ன் நாட்குறிப்பில் ஏங்கியிருக்கிறார்.

மூன்றாவது படத்தைப் பாருங்கள். எங்கும் பனி, குடிசையிலிருந்து பிணத்தை வெளியே கொண்டுவருகிறார்கள், குதிரை பூட்டிய சறுக்குவண்டி காத்து நிற்கிறது, முகட்டுக்கு மேலே ஒரு பெரிய மேகம். உற்றுப் பார்த்தால் வண்ணத்தைக் குழைத்துப் பூசாமல், நூல் நூலாகப் பக்கத்தில் பக்கத்தில் இழுத்திருப்பது தெரியும். குவார்டெட்டும் அப்படித்தான். அரை ஸ்வரம் இறங்கி அப்புறம் மேலே தாவும் மூன்றே ஸ்வரங்கள் மெதுவாக வந்து, ஒரு வாத்தியத்திலிருந்து இன்னொன்றுக்குப் போய், நடுவில் கொந்தளித்து, கடைசியில் அடங்குகின்றன. வெபர்ன் எடுத்துக்கொண்டது படத்தின் கதையைவிட அதன் நெசவைத்தான் என்று நினைக்கிறேன்.

அவர் 1945ல் இறக்கும்வரை இது மேடையேறவே இல்லை. 1962ல்தான் அமெரிக்காவில் சியாட்டில் நகரில் முதன்முதலாக வாசித்தார்கள்.

ஒரு வேண்டுகோள். அடுத்த இதழில் அந்த மூன்றாவது படத்தை இரண்டு பக்கம் விரித்து வண்ணத்தில் போடுங்கள், தபால்தலை அளவில் வேண்டாம், கோடுகள் தெரிய வேண்டும்.

அன்புடன்,
ஒரு வாசகி