அளவெடுக்க நீ வர வேண்டும்

அன்புள்ள நண்பா,

உன் கடிதங்களுக்கு இத்தனை நாள் பதில் எழுதாததற்குச் சாக்கு எதுவும் சொல்லப்போவதில்லை. சொன்னாலும் நீ நம்பப்போவதில்லை. வீட்டில் எல்லோரும் நலம், அக்காவின் கால்வலி தேவலை, உன் மகள் தேர்வில் தேறியதை நம் கூட்டாளி டர்போக்காரன் சொல்லிக் கேட்டேன், அவளுக்கு என் வாழ்த்து. இனி விஷயத்துக்கு வருகிறேன். என் டொயோட்டா சுப்ரா காரின் இன்ஜினை இறக்கி முழுவதும் பிரித்துவிட்டேன்.

வேண்டுமென்று இறக்கவில்லை. இன்ஜின் சூடான பிறகு ஐடிலில், அதாவது கார் நின்றபடி ஓடும்போது, ஆயில் பிரஷர் நாளுக்கு நாள் இறங்கியது. மூன்றாவது சிலிண்டரின் கம்ப்ரஷனும் மற்ற ஐந்தோடு ஒத்துப்போகவில்லை. பிஸ்டனை மேலே நிறுத்தி, ஸ்பார்க் பிளக் துளை வழியாகக் காற்றழுத்தம் கொடுத்துக் காது வைத்துக் கேட்டேன். சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட், ஆயில் ஊற்றும் மூடியருகே சீறினால் பிஸ்டன் ரிங் என்று மேஸ்திரி நமக்குச் சொல்லிக்கொடுத்தது நினைவிருக்கும். சீறல் ஆயில் மூடியருகேதான் வந்தது.

பிரித்துப் பார்த்தபோது அந்தப் பிஸ்டனில் முதல் ரிங்குக்கும் இரண்டாம் ரிங்குக்கும் இடைப்பட்ட விளிம்பு உடைந்திருந்தது. எனக்கு முன்பு வைத்திருந்தவர் டர்போவின் பூஸ்ட்டை, அதாவது அது இன்ஜினுக்குள் திணிக்கும் காற்றின் அழுத்தத்தை, ஏற்றிவிட்டு அதற்கேற்ற எரிபொருளை ஏற்றாமல் விட்டிருக்கிறார். கலவை ஒரே சீராக எரியாமல் வெடித்து வெடித்து அடித்த அடிதான் அது. அடி அங்கேயே நிற்கவில்லை. அதே பிஸ்டனைக் கிராங்க் என்ற சுழலும் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடில் மேல் பாதி பேரிங்கின் பூச்சு தேய்ந்து செம்பு நிறம் தெரிகிறது, கீழ்ப் பாதியோ புதிதுபோல் இருக்கிறது. கிராங்க்கின் அந்த ஜர்னலில், அதாவது பேரிங்குக்குள் சுழலும் வழவழப்பான பகுதியில், நகத்தை ஓட்டினால் ஒரு கோடு தடுக்கிறது.

இதை நான் சொன்னவுடன் டர்போக்காரன் கேட்ட முதல் கேள்வி என்னவென்று உனக்கே தெரியும்: “எத்தனை குதிரைத்திறன் எதிர்பார்க்கலாம்?” 2ஜேஇசட் இன்ஜின் என்றாலே எல்லோருக்கும் இந்தக் கிறுக்கு பிடித்துவிடுகிறது. 1991-இல் அரிஸ்டோ காரிலும் 1993-இல் சுப்ராவிலும் டொயோட்டா வைத்த இந்த இரட்டை டர்போ இன்ஜின் ஜப்பானில் 280 குதிரைத்திறன் என்ற அறிவிப்போடு விற்கப்பட்டது. வார்ப்பிரும்பு பிளாக்கும் ஏழு மெயின் பேரிங்கில் உட்காரும் கிராங்க்கும் அதற்கு மேலும் வெகுதூரம் தாங்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் தாங்கும் என்று பேசுகிறவர்களில் எத்தனை பேர் கையில் மைக்ரோமீட்டரைப் பிடித்திருக்கிறார்கள் என்பதே என் மனக்குறை.

கணக்கைப் பார். ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் மேலிருந்து கீழே போகும் தூரம், 86 மில்லிமீட்டர். நிமிடத்துக்கு 6800 சுற்றில் ஒவ்வொரு பிஸ்டனும் நொடிக்கு இருநூறு தடவைக்கு மேல் நின்று திரும்புகிறது. மேல்முனையில் திரும்பும் கணத்தில் அதன் முடுக்கம் புவியீர்ப்பைப்போல் ஏறத்தாழ 3000 மடங்கு. அத்தனை விசையையும் கிராங்க்குக்கும் பேரிங்குக்கும் நடுவே தாங்குவது ஆயில் படலம் ஒன்றுதான். அந்தப் படலத்துக்கு விட வேண்டிய இடைவெளியோ ஒரு தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. பந்தயக்காரர்களின் பழைய விதிப்படி, ஜர்னலின் விட்டம் ஒரு அங்குலமென்றால் இடைவெளி அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 62 மில்லிமீட்டர் மெயின் ஜர்னலுக்கு அது 0.06 மில்லிமீட்டர் அளவில் வரும். நான் அதைவிட இறுக்கமாக, தொழிற்சாலை அளவையொட்டியே வைக்க விரும்புகிறேன், ஏனென்றால் இது தெருவில் ஓடப்போகிற கார். அதிகமானால் ஆயில் ஒழுகிப் பிரஷர் நிற்காது, குறைந்தால் பேரிங் பிடித்துக்கொள்ளும். பிளாக்கிலும் கிராங்க்கிலும் தொழிற்சாலையிலேயே எண்கள் குத்தியிருக்கின்றன. இரண்டையும் கூட்டினால் எந்த எண்ணுள்ள பேரிங் போட வேண்டும் என்று தெரிகிறது. எல்லாவற்றையும் ஒரே அளவில் செய்ய முடியாது என்பதை ஒப்புக்கொண்டு, அந்த வித்தியாசத்தையே எழுதி வைத்துவிட்டுப் போன நேர்மை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

ஆகவே இப்போது இரவெல்லாம் அளவுதான். மெயின் பேரிங்குகளை மூடும் கேப்களை முழு டார்க்கில் (முறுக்கு விசையில்) முறுக்கிய பிறகே உள்விட்டம் எடுக்க வேண்டும். பேரிங் இரு பாதியும் சேரும் இடத்தில் வேண்டுமென்றே மெலிதாகச் செய்திருப்பதால் அங்கே எடுத்த அளவு பொய் சொல்லும். மைக்ரோமீட்டரை வெறுங்கையில் வெகுநேரம் பிடித்திருந்தால் அதன் சட்டமே சூடேறி அளவை மாற்றும். கையுறை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, அறுவை சிகிச்சை எப்போது முடியும் என்று வீட்டில் கேட்கிறார்கள்.

பிளாக்கை ரீபோர் செய்து, அதாவது சிலிண்டர்களை அகலமாகக் கடைந்து, 86.5 மில்லிமீட்டர் பிஸ்டன் போடுவது என்று முடிவாகிவிட்டது. 2997 சிசி 3032 ஆகிறது. இந்த 35 சிசிக்காக டர்போக்காரன் கொண்டாடுகிறான். ஹெட் போல்ட் முறுக்கும்போது சிலிண்டரின் வட்டம் கொஞ்சம் கோணும் என்பதால், தடித்த தகட்டை மேலே முறுக்கி வைத்துக்கொண்டுதான் சிலிண்டர் சுவரை நுணுக்கமாகத் தேய்க்கும் ஹோனிங் செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டேன். ரிங்குகளின் முனை இடைவெளியை 0.43 மில்லிமீட்டருக்கு நானே அரம் போட்டுக்கொள்வேன். டர்போ இன்ஜினின் சூட்டில் முனைகள் விரிந்து முட்டிக்கொண்டால் மறுபடியும் பிஸ்டன்தான் உடையும்.

சிக்கல் கிராங்க்தான். ஒரு பட்டறையில் காட்டினேன். கோட்டைப் பாலீஷ் போட்டு எடுத்துவிட்டுப் புது பேரிங்கைப் போட்டு மூடு என்றார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. பாலீஷ் கோட்டை மறைக்கும். அடிபட்டு நீள்வட்டமாகிவிட்ட ஜர்னலை வட்டமாக்காது. கிரைண்டிங் செய்தால் ஆறு ராடு ஜர்னலையும் 0.25 மில்லிமீட்டர் குறைத்து, அதற்கேற்ற பேரிங் போட வேண்டும். ஜர்னலின் ஓரத்து வளைவைக் கூர்மையாக்கிவிட்டால் கிராங்க் அங்கேதான் விரிசல் விடும் என்ற பயமும் இருக்கிறது. நான் கிரைண்டிங் பக்கம்தான் சாய்ந்திருக்கிறேன், ஆனால் என் அளவை மட்டும் நம்பி அந்தக் கல்லுக்கு அதைக் கொடுக்க மாட்டேன்.

மேஸ்திரியிடம் கேட்கலாமென்று போனேன். உனக்கு இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. கை நடுக்கம் அதிகமாகிவிட்டது. மைக்ரோமீட்டரை வாங்கிப் பார்த்துவிட்டு, படிக்காமலே என்னிடம் திருப்பித் தந்தார். பிறகு உன்னைப் பற்றித்தான் வெகுநேரம் விசாரித்தார். நீ வரும்போது அவரையும் போய்ப் பார்க்க வேண்டும், தள்ளிப்போடாதே.

வர வேண்டும் என்றுதான் இந்தக் கடிதமே. என் அளவுகளை ஒரு தாளில் எழுதி உறையில் ஒட்டி வைத்திருக்கிறேன், உனக்குக் காட்டமாட்டேன். ஒவ்வொரு ஜர்னலையும் இரு இடத்தில், செங்குத்தாகவும் கிடைமட்டமாகவும் நீ தனியாக அளந்து எழுது. இரண்டு தாளும் ஒத்துப்போனால் மறுநாளே கிராங்க்கை கிரைண்டிங்குக்கு அனுப்பிவிடலாம். ஒத்துப்போகாவிட்டால் யார் கண் சரியில்லை என்று சண்டை போட நமக்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை கிடைக்கும்.

உள்விட்டம் அளக்கும் உன் போர் கேஜை எடுத்து வா. நம் கல்லூரி நாளில் “ஒரு வாரத்தில் தருகிறேன்” என்று வாங்கிப்போன என் டார்க் ரெஞ்சையும் எடுத்து வா. இத்தனை வருடத்தில் அதன் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், போல்ட் முறுக்குவதற்குமுன் அதைச் சரிபார்க்கக் கொடுக்க வேண்டும்.

அன்புடன்,
உன் நண்பன்