நகல் ஆப்டிமஸ் பிரைம்: தோள் மூட்டு விரிசல் உற்பத்திக் குறைபாடே

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு

பொருள்: லாரியாக உருமாறும் ரோபோவான 1984 மாடல் ஆப்டிமஸ் பிரைமின் நகல் பொம்மைக்குப் பணத்தைத் திருப்பித் தரக் கோருதல்

ஐயா,

வலது தோள் மூட்டில் விரிசல் விட்டதற்கு, "லாரியாக மடிக்கும்போது அதிக பலம் கொடுத்திருப்பீர்கள்" என்று உங்கள் சேவைப் பிரிவு பதில் எழுதியிருக்கிறது. பொம்மையைப் பார்க்காமல் எழுதிய பதில் அது. இணைத்துள்ள படங்களைத் தயவுசெய்து பெரிதாக்கிப் பாருங்கள்.

இந்த மூட்டைப் பிடித்திருப்பது ஓர் உலோகப் பின். அதன் ஒரு முனை வழவழப்பானது. மறுமுனையில் பிளாஸ்டிக்கைக் கவ்வ நீளவாக்கில் வரிகள் இருக்கும். வழவழப்பான முனைதான் முதலில் உள்ளே போக வேண்டும். வரி முனை கடைசியாக, துளையின் வாயருகே மட்டும் இறுக வேண்டும். இடது தோளில் வரி முனை வெளியே தெரிகிறது. அங்கே விரிசல் இல்லை. வலது தோளில் வெளியே தெரிவது வழவழப்பான முனை. அதாவது பின்னைத் தலைகீழாக அடித்திருக்கிறார்கள். வரிகள் துளை நெடுகச் சுரண்டிக்கொண்டு போனதால் சுற்றிலும் பிளாஸ்டிக் வெளுத்து, துளையிலிருந்து விளிம்பு வரை பிளந்திருக்கிறது. முறுக்கி உடைத்திருந்தால் வெளுப்பு இப்படி வட்டமாக வராது, அழுத்தம் விழுந்த பக்கமாகத்தான் இருக்கும்.

"பசை போட்டு ஒட்டிக்கொள்ளலாம்" என்றும் யோசனை சொன்னார்கள். சூப்பர் குளூ துளைக்குள் இறங்கினால் மூட்டே அசையாது. உருமாறும் பொம்மைக்குச் சொல்லும் வைத்தியமா இது?

விரிசல் ஒன்றுதான் குறை என்றால் அந்தக் கையை மட்டும் கேட்டிருப்பேன். லாரியின் பின்னால் மாட்டும் டிரெய்லர் பெட்டியை மூடினால் இரு முனைகளும் சேர்கின்றன, நடுவில் 1.5 மி.மீ. இடைவெளி நிற்கிறது. வார்த்த பலகையை நன்றாக ஆறுமுன் அச்சிலிருந்து எடுத்தால் இப்படித்தான் வளையும். முன்பக்க கிரில்லின் குரோம் பூச்சு, செலோ டேப் ஒட்டி எடுத்ததும் செதிலாகக் கூடவே வந்துவிட்டது. பூச்சுக்கு முன் பிளாஸ்டிக்கில் இருந்த எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்கவில்லை என்றே தோன்றுகிறது. வலது முஷ்டி துளையில் நிற்பதில்லை, துப்பாக்கியை மாட்டினால் அதோடு கழன்று விழுகிறது. பெட்டிப் படத்தில் புகைக்குழாய்கள் நீளம், உள்ளே வந்தவை குட்டை.

இன்னொரு விஷயம், இது உங்களுக்கே சிக்கல். பெட்டியில் "5 வயதுக்கு மேல்" என்று அச்சிட்டிருக்கிறீர்கள், ஐ.எஸ்.ஐ. முத்திரை எங்கும் இல்லை. 14 வயதுக்கு உட்பட்டவர்கள் விளையாடும் பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் அது கட்டாயம்.

எனவே முழுத் தொகையையும் திருப்பித் தாருங்கள். பொம்மையை உங்கள் செலவில் எடுத்துக்கொள்ளுங்கள். மாற்றுப் பொம்மைதான் தருவீர்கள் என்றால், அனுப்பும் முன் பெட்டியைத் திறந்து, இரு தோள்களிலும் வரி முனை வெளியே தெரியும்படியும் டிரெய்லர் இடைவெளியின்றி மூடியிருக்கும்படியும் படம் எடுத்து அனுப்புங்கள். அதைப் பார்த்த பிறகே ஒப்புக்கொள்வேன். 15 நாட்களுக்குள் பதில் இல்லையென்றால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்தில் மனு கொடுப்பேன்.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்

இணைப்பு: ரசீது நகல், இரு தோள்கள், டிரெய்லர், கிரில், பெட்டி ஆகியவற்றின் படங்கள்