பொட்ரேரோ பூங்காவைக் கடற்கரை வரை கொண்டுபோய் முடியுங்கள்

பெறுநர்: லாஸ் ஏஞ்சலஸ் நகரப் பூங்காத் துறை, நகரப் பொறியியல் துறை
நகல்: கால்டிரான்ஸ் (மாநில நெடுஞ்சாலைத் துறை), கலிபோர்னியா கடற்கரை ஆணையம், கவுண்டியின் (மாவட்ட நிர்வாகத்தின்) கடற்கரை, துறைமுகத் துறை

வணக்கம்.

பசிபிக் பாலிசேட்ஸ் பகுதியின் பொட்ரேரோ கேன்யன் பள்ளத்தாக்கில் 46 ஏக்கர் பூங்காவை 2022 டிசம்பரில் திறந்தீர்கள். 1980-களின் மண்சரிவுகளுக்குப் பிறகு எடுத்த வேலை இது. இத்தனை ஆண்டு இழுத்தாலும் கைவிடாமல் முடித்ததற்கு நன்றி. பூங்காவுக்காக விடாமல் பாடுபட்ட ஜார்ஜ் வுல்ஃப்பெர்க் 2020-ல் காலமாகிவிட்டார். அவர் பெயரையே பூங்காவுக்கு வைத்ததும் சரிதான்.

ஆனால் மேலிருந்து இறங்கிவரும் நடைபாதை, கடல் எதிரே தெரியும் இடத்தில், பசிபிக் கோஸ்ட் நெடுஞ்சாலையில் வந்து முட்டி நின்றுவிடுகிறது. சாலைக்கு அந்தப் பக்கம் வில் ராஜர்ஸ் கடற்கரை. பூங்கா திறந்தபோது நடைபாலம் இல்லை. கடக்க வேண்டுமானால் தெமஸ்கல் கேன்யன் சாலைச் சிக்னலுக்குப் போக வேண்டும். குழந்தையோடு வருகிறவர் அவ்வளவு தூரம் சுற்றமாட்டார், வண்டி இடைவெளி பார்த்து ஓடத்தான் பார்ப்பார். பாலம் வேண்டும் என்று கேட்கவே இந்த மடல். அதற்கு முன் செய்யவேண்டிய ஒரு வேலையும் இருக்கிறது.

அது வடிகால். அந்த மண்சரிவுகளை நீர்தான் உண்டாக்கியது. இளகிய படிவுப் பாறையாலான சுவர்களின் அடிக்காலை ஓடை அரித்தது. மேலே பெய்த மழையும் வீட்டுத் தோட்டங்களுக்குப் பாய்ச்சிய நீரும் உள்ளே இறங்கி மண்ணின் பிடிப்பைத் தளர்த்தின. விளிம்பில் இருந்த வீடுகளை நகராட்சி வாங்கி, கேன்யனில் மண் நிரப்பி, சுவர்களுக்கு அடிமுட்டுக் கொடுத்தது. இப்படிப்பட்ட நிரப்பு நிற்பது இரண்டு விஷயங்களால். ஒன்று, சுமார் 20 செ.மீ. அடுக்குகளாகப் பரப்பி, ஒவ்வொன்றையும் ரோலரால், அந்த மண் எட்டக்கூடிய உச்ச அடர்த்தியில் குறைந்தது 90 சதவீதத்துக்கு இறுக்குவது. இரண்டாவது, அடியில் ஜல்லிக்குள் பதித்து, நீரை விட்டு மண்ணைத் தடுக்கும் வடிதுணி சுற்றிய துளைக்குழாய். முதலாவது முடிந்த வேலை. இரண்டாவது ஒருநாளும் முடியாத வேலை.

அந்தக் குழாய் சத்தமில்லாமல் கெடும். நுண்மண் துணியை அடைக்கும், மர வேர் துளை வழியே நுழையும், வெளிவாய் சருகிலும் மண்ணிலும் புதைந்துபோகும். சோதிக்கப் பெரிய கருவி தேவையில்லை. வெளிவாயில் 20 லிட்டர் வாளியை வைத்து, நிறைய எத்தனை விநாடி ஆகிறது என்று குறியுங்கள். அக்டோபரில் ஒரு முறை, ஒவ்வொரு பெருமழைக்கும் மறுநாள் ஒரு முறை. மழைக்குப் பிறகும் நீர் வராவிட்டால் நிம்மதி அடையாதீர்கள். அது உள்ளேயே தேங்குகிறதா என்று, நிலத்தடி நீர்மட்டம் பார்க்க இறக்கிய குழாய்களில் அளந்து பாருங்கள். வெளிவருவது கலங்கலாக இருந்தால் நிரப்பு மண்ணே கரைந்து வெளியேறுகிறது என்று பொருள்; அன்றே கேமரா விட்டுப் பார்க்க வேண்டும். இந்த அளவுகளைப் பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிடுங்கள்.

2025 ஜனவரி 7-ல் மூண்ட தீ ஊரின் பெரும்பகுதியை அழித்தது. எரிந்த சரிவின் மேல்மண் சில காலம் நீரை உள்ளே விடாது. சிறு மழைக்கே சாம்பலும் சேறும் கல்லும் சேர்ந்து இறங்கும். வடிநீர்த் தொட்டிகளின் கம்பிச் சல்லடை சில நிமிடங்களில் மூடிக்கொள்ளும். தட்டைச் சல்லடைக்குப் பதில் கூம்பு வடிவச் சல்லடை போட்டால் அடியில் அடைத்தாலும் மேல்வழியாக நீர் இறங்கும். வெற்றுச் சரிவில் வைக்கோல் உருளைகளைச் சமமட்டக் கோட்டில் பதியுங்கள். பாதி மண்ணுக்குள் இறங்காவிட்டால் நீர் அடியில் பறித்துக்கொண்டு ஓடும்.

எரிந்த இடத்தில் முதலில் தலைதூக்குவது கடுகும் ஆமணக்கும். நம் ஊரில் விளக்கெண்ணெய்க்கு வளர்க்கும் அதே ஆமணக்கு அங்கே அடங்காத களை. காய் வெடிக்குமுன் வேரோடு எடுங்கள். சைகமோர், வில்லோ, டோயன் போன்ற மண்ணின் மரஞ்செடிகளுக்கு முதல் மூன்று கோடைக்காவது நீர் வேண்டும்; அதைச் சொட்டுநீராகவே கொடுங்கள். இரவில் எல்லா வால்வையும் மூடிவிட்டு மீட்டரைப் பாருங்கள். முள் நகர்ந்தால் எங்கோ குழாய் கசிந்து நிரப்புக்குள் இறங்குகிறது.

இனி பாலம். நெடுஞ்சாலைக்கும் நடைபாலத்தின் அடிப்பாகத்துக்கும் நடுவே கால்டிரான்ஸ் கேட்கும் உயர இடைவெளி 18 அடி 6 அங்குலம், அதாவது சுமார் 5.6 மீட்டர். பாலத்தின் தடிமனையும் சேர்த்தால் நடைதளம் 6.3 மீட்டர் உயரத்தில் வரும். கேன்யன் பக்கம் நிலமே உயரம் என்பதால் சிக்கல் குறைவு. கடற்கரைப் பக்கம் முழு உயரமும் இறங்கியாக வேண்டும். சக்கர நாற்காலிக்கான உச்சச் சாய்வு 12-க்கு 1, 76 செ.மீ. இறங்கும்போதெல்லாம் 1.5 மீட்டர் சமதளம். ஆக, 76 மீட்டர் சாய்தளமும் எட்டுச் சமதளங்களும் சேர்ந்து சுமார் 88 மீட்டர். இதை மடித்துத்தான் கட்ட முடியும். முதல் வரைபடத்திலேயே இதற்கு இடம் ஒதுக்காத திட்டம் கடைசியில் லிப்ட்டில் வந்து நிற்கும். உப்புக்காற்றில் லிப்ட் அடிக்கடி பழுதாகும். பழுதான நாளில் நாற்காலியில் வருகிறவருக்குப் பாலமே இல்லை. லிப்ட்டை மட்டும் நம்பிக் கட்டவே கட்டாதீர்கள்.

சாய்தளத்தின் அடி மிதிவண்டிப் பாதையில் நேராகப் போய் விழக்கூடாது. வேகமாக இறங்குகிறவர் நின்று பார்க்கக் குறைந்தது 3 மீட்டர் விடுங்கள். அங்கிருந்து ஈரமணல் வரை, சக்கரம் புதையாமல் மணல்மேல் விரிப்புப் பாதை போடாவிட்டால் நாற்காலி சாய்தளத்தின் அடியிலேயே நின்றுவிடும். காற்று கொண்டுவரும் மணலைத் தினமும் யார் கூட்டுவது, விளக்கு எரியாவிட்டால் யார் மாற்றுவது என்பதை நகரம், கவுண்டி, கால்டிரான்ஸ் மூவரும் கட்டுமுன்பே எழுதிக் கையெழுத்திடுங்கள். பிறகு எழுதலாம் என்று விட்டால் மூவருமே கூட்டமாட்டார்கள்.

அடித்தூண்களை அடித்து இறக்காமல் துளைத்து இறக்குங்கள். அடிக்கும் அதிர்வு அந்தச் சரிவுகளுக்கு ஆகாது. மணலில் துளை இடிந்து விழும் என்பதால் எஃகு உறை அவசியம். கம்பிக்கு மேல் 75 மி.மீ. கான்கிரீட் மூடல் வையுங்கள். பிப்ரவரி முதல் ஆகஸ்ட் வரை பறவைகள் கூடுகட்டும் காலம், மார்ச் முதல் ஆகஸ்ட் வரை கிரன்னியன் மீன்கள் மணலில் முட்டையிடும் காலம். மீதி மாதங்களில் மழை. அதனால் உத்தரங்களை வெளியே செய்து கொண்டுவந்து, இரவில் சாலையை மூடி ஏற்றிவிடுவதே நடைமுறைக்கு ஒத்த வழி.

ஒரு எச்சரிக்கை. பாலம் வந்தபின் இந்தப் பாதையைத் தீக்காலத் தப்பும் வழி என்று பலகை வைக்கச் சிலர் கேட்பார்கள். வைக்காதீர்கள். தீ கேன்யனைப் புகைபோக்கிபோல் பிடித்து ஏறும். அதற்குள் மக்களை இறக்கிவிடக் கூடாது.

1976-ன் கடற்கரைச் சட்டம் கடலுக்குப் போகும் வழியைப் பொதுமக்களின் உரிமையாக வைத்திருக்கிறது. வடிகால் ஆய்வு முடிவையும், பாலத்தின் சாய்தள வரைபடத்தையும், பராமரிப்பு ஒப்பந்த வரைவையும் ஒரே பொதுக்கூட்டத்தில் வைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
சரிவு, வடிகால், நடைபாலப் பணிகளை அறிந்தவர்கள்