தூள் அனுப்பியிருக்கிறேன்

கிளிநொச்சி

அன்புள்ள நண்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்தது நல்ல செய்தி; ஆனால் அதற்குள் மாடிப்படி ஏறத் தொடங்கிவிடாதே. நீ கேட்ட கறித்தூளை நேற்று இரவு கொழும்பு பஸ்ஸில் கொடுத்துவிட்டேன். இம்முறை சாமான் தெரிந்தெடுத்தது நான் அல்ல, நம் மாத்தளைக்காரி. கலாசாலையில் நாம் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தாலே தும்முவாளே, அவளேதான். விடுமுறைக்கு வந்தவளைச் சந்தைக்குக் கூட்டிப்போனேன்.

2016 செப்டெம்பரில் எரிந்து கரியாய்க் கிடந்த சந்தையைத்தான் நீ கடைசியாகப் பார்த்தாய். இப்போது பழைய இரைச்சல் அப்படியே இருக்கிறது. நாங்கள் போன நேரம் பலசரக்குக் கடையில் செத்தல் மிளகாய் மூட்டை பிரித்தார்கள். வாங்க வந்தவர்களில் பாதிப் பேர் தும்ம, மீதிப் பேர் மூக்கைப் பொத்திக்கொண்டு விலை கேட்டார்கள்.

மாத்தளைக்காரி நேரே மிளகுச் சாக்கடிக்குப் போனாள். ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் பரப்பி ஊதினாள். சொத்தையெல்லாம் பறந்தது. மிஞ்சியதில் ஒன்றை நகத்தால் அழுத்தினாள், பொடிந்துபோனது. “முற்றாத காயைப் பறித்திருக்கிறார்கள்” என்றாள். கடைக்காரர் என்னைப் பார்த்து, “ரீச்சர், அடுத்தமுறை இவரைக் கூட்டி வராதீர்கள்” என்று சொல்லிவிட்டு, உள்ளே போய் வேறொரு சாக்கைக் கொண்டுவந்தார். இத்தனை காலமும் அந்தச் சாக்கை எனக்குக் காட்டியதே இல்லை, பார்!

கறுவாவிலும் அதே கதைதான். தடித்த ஒற்றைப் பட்டையாய்ச் சுருண்டிருந்ததைத் தள்ளிவிட்டு, மெல்லிய ஏடுகள் ஒன்றுக்குள் ஒன்றாய்ச் சுருண்டு, விரல் பட்டாலே நொறுங்குவதைத்தான் எடுத்தாள். அதுதான் நம் நாட்டுக் கறுவாவாம். விலை கேட்டதும் எனக்கு மற்றதே போதும் என்றிருந்தது.

வெளியே வந்து சோடா குடிக்கும்போது கேட்டாள்: “இவ்வளவு பெருமை பேசுகிறீர்களே, உங்கள் தூளில் உங்கள் மண்ணில் விளைந்தது எது?” எனக்குச் சுருக்கென்றது. மிளகு அவள் ஊர்ப் பக்கம். கறுவா காலி, மாத்தறைப் பக்கம். மல்லி, சீரகம் இந்தியாவிலிருந்து வருகின்றன. செத்தலும் பெரும்பாலும் அப்படித்தான். மஞ்சள் பட்ட பாடு உனக்கே தெரியும். 2020இல் இறக்குமதியை நிறுத்தியபோது ஒரு துண்டுக்கு அலைந்தோம். மன்னார்க் கரையில் கடத்தல் தங்கம் பிடிப்பதுபோலக் கடத்திவந்த மஞ்சள் மூட்டை பிடித்தார்கள். கடைசியில் என் பங்குக்கு மிஞ்சியது வேலியோரத்துக் கறிவேப்பிலை மட்டும். காட்டுப் புளி இருக்கிறதே என்றேன். “அது குழம்புக்கு, தூளுக்கு அல்ல” என்று வாயை அடைத்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்து தாச்சியை அடுப்பில் வைத்த பிறகுதான் என் முறை வந்தது. மல்லியைத் தனியாக, சீரகங்களைத் தனியாக வறுத்தேன். வெந்தயம் வறுபடுவது சற்றுக் கூடினாலும் கசக்கும் என்பதால் அதைக் கடைசியில் போட்டு உடனே இறக்கினேன். செத்தலைக் கருஞ்சிவப்பாகும்வரை விட்டேன். “கருக்குகிறாய், கருக்குகிறாய்” என்று முற்றத்தில் நின்று இருமிக்கொண்டே கத்தினாள். எங்கிருந்து வந்த சரக்காக இருந்தாலும், எந்த நிறத்தில் இறக்குவது என்பது என் கையில்தான் இருக்கிறது. அந்த இடத்தில் மாத்தளையின் ஆலோசனை செல்லாது என்று சொல்லிவிட்டேன். மத்தியானம் மீன் குழம்பை இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கினாள். நான் எதுவும் சொல்லவில்லை, பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தேன்.

மில்லில் திரித்த சூட்டோடு கட்டவில்லை, பயப்படாதே. கடதாசியில் பரப்பி, நன்றாக ஆறவிட்டுத்தான் கட்டினேன். சூட்டோடு கட்டினால் வேர்த்துப் பூஞ்சணம் பிடித்துவிடும். வந்ததும் போத்தலில் போட்டு இறுக்கி மூடிவை. மிளகு இம்முறை நல்ல காரம். நீ வழக்கமாகப் போடும் அளவில் ஒரு கரண்டி குறைத்துப் போட்டுப் பார்.

மாத்தளைக்காரி அடுத்த விடுமுறைக்கு நம் இருவரையும் தன் வீட்டுக்குக் கூப்பிடுகிறாள். மிளகுக் கொடி காட்டுகிறாளாம். உன் முழங்கால் என்ன சொல்கிறது என்று எழுது. அதைப் பார்த்துத்தான் நாள் வைக்கவேண்டும்.

அன்புடன்,
உன் நண்பி