நேரமே இல்லை என்றாயே

அன்புள்ள கண்ணா,

நலம் விசாரிக்க இந்தக் கடிதம் இல்லை. அதெல்லாம் ஃபோனிலேயே ஆகிவிடுகிறது. அன்று பேச்சோடு பேச்சாக, "எல்லாமே ஆன்லைன்ல முடிஞ்சுடுதும்மா, ஆனா எதுக்குமே நேரம் இல்ல" என்றாயே, அதற்கு ஒரு பதில் சொல்ல வாய் திறந்தேன். அதற்குள் உனக்கு வேறொரு அழைப்பு வந்துவிட்டது. அதனால்தான் மின்னஞ்சல். நான் எழுதும்போது நீ ஓய்வாக இருக்க வேண்டியதில்லை, நீ படிக்கும்போது நான் விழித்திருக்க வேண்டியதில்லை. 1971இல் ரே டாம்லின்சன் என்ற பொறியாளர் ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு முதல் மின்னஞ்சலை அனுப்பிப் பார்த்த நாளிலிருந்து நமக்குக் கிடைத்த பெரிய வசதி இதுதான் என்பேன். வேகம் இரண்டாம்பட்சம். இரண்டு பேருடைய நேரமும் ஒன்றாகக் கூடிவரட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லாமல் போனதே, அதைச் சொல்கிறேன்.

நூலகத்தில் வேலை பார்த்த நாளெல்லாம் நேரத்தை மிச்சப்படுத்துவதுதான் என் தொழிலாக இருந்தது, உனக்கே தெரியும். நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். அரங்கநாதன் 1931இல் நூலகத்துக்கென்று ஐந்து விதிகளை வகுத்தாரே, அதில் நான்காவது, வாசகரின் நேரத்தைக் காப்பாற்று என்பது. இணையம் என்று ஒன்று வரப்போகிறது என்று யாரும் நினைத்தே பார்க்காத காலம் அது. ஒரு புத்தகம் வந்தால் அதைப் புரட்டி, பொருள் என்ன என்று முடிவு செய்து, வகைப்பாட்டு எண் போட்டு, ஆசிரியர் பெயருக்கு ஓர் அட்டை, தலைப்புக்கு ஓர் அட்டை, பொருளுக்கு ஒன்றிரண்டு அட்டை என்று எழுதி இழுப்பறையில் அகர வரிசையில் செருகுவோம். ஒரு புத்தகத்துக்கு அரை மணி நேரம்கூடப் போகும். அந்த அரை மணியை ஒருத்தி ஒரு தடவை செலவழித்தால், பின்னால் வருகிற ஒவ்வொரு வாசகரும் அலமாரி அலமாரியாக அலையாமல் நேராகப் போய் எடுப்பார். யாரோ ஒருவர் முன்கூட்டியே நேரத்தைப் போட்டு வைத்தால்தான் இன்னொருவருக்கு நேரம் மிஞ்சும். தானாக மிஞ்சுவது என்று எதுவும் கிடையாது.

தேடுபொறியும் இதையேதான் செய்கிறது. நீ கேட்ட பிறகு அது உலகத்தைச் சுற்றித் தேடப் போவதில்லை. அதன் நிரல்கள் எப்போதும் பக்கம் பக்கமாகப் போய்ப் படித்துக்கொண்டே இருக்கின்றன. எந்தச் சொல் எந்தெந்தப் பக்கத்தில் வருகிறது என்று ஒரு மாபெரும் சொல்லடைவைத் தயாராக வைத்திருக்கின்றன. நீ இரண்டு சொல் தட்டியதும் புரட்டப்படுவது அந்த அடைவுதான். வழி காட்டும் வரைபடச் செயலிகளும் அப்படித்தான். அவற்றுக்கு அடிப்படையான, மிகக் குறுகிய வழியைக் கண்டுபிடிக்கும் கணக்குமுறைகளில் ஒன்று எட்ஸ்கர் டெய்க்ஸ்ட்ரா என்ற டச்சுக்காரருடையது. 1956இல் ஆம்ஸ்டர்டாமில் ஒரு காபிக்கடையில் உட்கார்ந்து இருபது நிமிடத்தில் யோசித்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். அச்சில் வந்தது 1959இல். அவருடைய அந்த இருபது நிமிடம் எத்தனை கோடிப் பேரை வழிதவறாமல் காப்பாற்றியிருக்கும் என்று நினைத்துப்பார்!

இணையத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் ராணுவம், ஆராய்ச்சி என்று பெரிதாகவே தொடங்குவார்கள். எனக்கு இரண்டு சின்னக் கதைகள்தான் பிடிக்கும். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கணினி ஆய்வகத்தில் பல பேருக்குப் பொதுவாக ஒரே ஒரு காபிக் குடுவை. வேறு அறைகளில் இருப்பவர்கள் வேலையை விட்டு எழுந்து, நடந்து, படியேறிப் போய்ப் பார்த்தால் குடுவை காலி. 1991இல் குடுவைக்கு எதிரே ஒரு கேமராவை நிறுத்தி, அதன் கறுப்பு வெள்ளைப் படம் எல்லோருடைய கணினித் திரையிலும் மூலையில் சின்னதாகத் தெரியும்படி செய்துவிட்டார்கள். எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துவிட்டு எழுந்தால் போதும். 1993இல் அந்தப் படம் வலைத்தளத்திலும் ஏறியது, உலகம் முழுக்க ஆட்கள் அந்தக் குடுவையை வேடிக்கை பார்த்தார்கள், 2001இல் அணைத்தார்கள். முதல் வெப்கேம் என்று அதைத்தான் சொல்கிறார்கள். அதற்கும் ஏறத்தாழ பத்து வருடம் முன்பே, அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் குளிர்பான இயந்திரத்தைக் கணினி வலையில் இணைத்து, பாட்டில் இருக்கிறதா, குளிர்ந்துவிட்டதா என்று இருந்த இடத்திலிருந்தே பார்த்துக்கொண்டார்கள்.

அந்தக் கேமரா காபி போட்டுத் தரவில்லை, குடிக்கிற நேரத்தையும் குறைக்கவில்லை. வீணாகப் போய்வரும் நடையை மட்டும்தான் நிறுத்தியது. இணையம் இன்றைக்கும் செய்வது அவ்வளவுதான். போகிற நேரம், காத்திருக்கிற நேரம், "இன்று போய் நாளை வா" என்று திரும்புகிற நேரம், இவற்றைத்தான் அது மிச்சம் பிடித்துத் தரும். ரத்தப் பரிசோதனைக்கு ஒரு நாள் போய், முடிவை வாங்க இன்னொரு நாள் போவோம். இப்போது இரண்டாவது நடை இல்லை. வங்கியில் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க மட்டுமே போய் வரிசையில் நின்ற நாட்கள் உண்டு. ஏதோ ஓர் ஆய்விதழில் வந்த ஒரே ஒரு கட்டுரைக்காக வேறு ஊர் நூலகத்துக்கு எழுதிப் போட்டு, நகல் தபாலில் வந்து சேர்வதற்குள் கேட்ட மாணவர் தேர்வையே எழுதி முடித்திருப்பார். இப்போது கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது. பூமிக்கு நேர் மறுபக்கம் என்றாலும் தரைவழியே 20,000 கிலோமீட்டர்தான், கணக்குப் போட்டால் விநாடியில் பத்தில் ஒரு பங்கு. கடலுக்கடியில் போகும் கேபிள் சுற்றி வளைத்துப் போனாலும் கண் இமைக்கும் நேரம்தான்.

அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. வரிசையில் நின்றவளுக்குத்தான் வரிசையின் அவஸ்தை தெரியும், எனக்கு அது மறுபடியும் வேண்டாம்.

ஆனால் உன் குறையிலும் நியாயம் இருக்கிறது. முதல் காரணம், கவுண்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர் செய்த வேலையில் பாதி இப்போது உன் தலையில் விழுந்திருக்கிறது. பயணச்சீட்டு எழுதித் தந்த குமாஸ்தா, படிவத்தைச் சரிபார்த்து "இங்கே கையெழுத்துப் போடுங்க" என்று விரல் வைத்துக் காட்டியவர், எல்லாம் இப்போது நீதான். போன மாதம் ஓர் அலுவலகத்தின் தளத்தில் விண்ணப்பம் நிரப்பினேன். புகைப்படம் 50 கேபிக்குள் இருக்க வேண்டுமாம். குறைத்தால் முகம் தெளிவாக இல்லை என்றது, கூட்டினால் அளவு அதிகம் என்றது. ஒருவழியாக அதைச் சரிக்கட்டி வருவதற்குள் "உங்கள் அமர்வு காலாவதியாகிவிட்டது" என்று சொல்லி, நிரப்பியதை எல்லாம் துடைத்துவிட்டது. அவர்கள் மிச்சம் பிடித்த நேரம் என் கணக்கில் பற்று. இதை இணையத்தின் குற்றம் என்று சொல்லமாட்டேன். வாசகரின் நேரத்தை நினைக்காமல் பட்டியல் போட்டவரின் குற்றம்.

இரண்டாவது காரணம்தான் உன் விஷயத்தில் முக்கியம் என்று தோன்றுகிறது. முன்பு இந்த வேலைகளுக்கு நேரம் நோட்டாகப் போனது, இப்போது சில்லறையாகப் போகிறது. அரை நாள் விடுப்பு எடுத்து நாலு வேலையை முடித்தால் போனது கண்ணுக்குத் தெரியும், மீதி அரை நாளும் முழுசாகக் கையில் இருக்கும். இப்போது காலையில் ஒரு கட்டணம், சாப்பாட்டுக்கு நடுவில் ஒரு கடவுச்சொல் மாற்றம், கூட்டத்துக்கு நடுவில் ஓர் ஓடிபி, ராத்திரி படுக்கையில் ஒரு படிவம். ஒவ்வொன்றும் மூன்று நிமிடம்தான். அந்த மூன்று நிமிடத்துக்காக விட்ட வேலையை மறுபடி பிடிக்க இன்னும் எவ்வளவு ஆகிறது என்பதை யாரும் எழுதி வைப்பதில்லை. மிஞ்சிய நேரமும் நாலு நிமிடம், ஏழு நிமிடம் என்று துண்டு துண்டாகத்தான் வருகிறது. ஏழு நிமிடத்தில் ஒரு நண்பனைப் பார்த்துவிட்டு வர முடியுமா? அதைக் கைபேசியே எடுத்துக்கொண்டுவிடும். ஒரு பக்கம் முடிந்தால் "அடுத்த பக்கம்" என்று பொத்தானை அழுத்துகிற வேலையும் மிச்சமாகட்டும் என்று, 2006இல் ஆசா ராஸ்கின் என்ற வடிவமைப்பாளர் முடிவில்லாமல் கீழே ஓடிக்கொண்டே இருக்கும் பக்கத்தை உருவாக்கினார். ஒரு சொடுக்கை மிச்சப்படுத்தக் கண்டுபிடித்தது எத்தனை பேருடைய ராத்திரிகளை விழுங்கியது என்று அவரே பிற்பாடு வருந்திப் பேசியிருக்கிறார்.

அதனால் நான் என்ன செய்கிறேன் என்று சொல்கிறேன், உனக்கு ஒத்துவந்தால் எடுத்துக்கொள். வாரத்தில் ஒரு நாள், ஒரே உட்காரலில், இணையத்தில் செய்ய வேண்டிய எல்லாவற்றையும் முடிக்கிறேன். இடையில் ஏதாவது ஞாபகம் வந்தால் ஒரு தாளில் குறித்து வைப்பதோடு சரி, உடனே ஃபோனைத் திறப்பதில்லை. மாதாமாதம் வருகிற கட்டணங்களுக்கு வங்கியிலேயே தானாகப் போகும்படி நிரந்தர உத்தரவு கொடுத்தாயிற்று. அடையாள அட்டை, சான்றிதழ், கையெழுத்து, அந்த 50 கேபி புகைப்படம் உட்பட எல்லாம் ஒரே கோப்புறையில், பெயர் பார்த்தால் என்ன என்று தெரிகிற மாதிரி வைத்திருக்கிறேன். "ஸ்கேன்001" என்று வைத்தால் அடுத்த முறை பத்தையும் திறந்து பார்க்க வேண்டும். நீ அப்படித்தான் வைத்திருப்பாய், எனக்குத் தெரியும். பட்டியல் போடுகிறவளின் பிள்ளை இப்படியா!

தேடுவதிலும் உனக்குப் பொறுமை போதாது. மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடினால் அந்தச் சொற்கள் அதே வரிசையில் வரும் பக்கங்கள்தான் முன்னால் வரும். வேண்டாத சொல்லுக்கு முன் இடம் விடாமல் ஒரு கழித்தல் குறி போட்டால் அது வரும் பக்கங்கள் ஒதுங்கிவிடும். நீளமான பக்கம் என்றால் முழுசாக உருட்டிப் படிக்காதே, கண்ட்ரோலோடு எஃப்பை அழுத்தி, வேண்டிய சொல்லைத் தட்டித் தேடு. இதைச் சொன்னால் சிரிப்பாய், ஆனால் அன்று அந்த ஒப்பந்தத்தில் ஒரு வரியைத் தேடி அறுபது பக்கத்தை உருட்டியது யார்?

அறிவிப்புகளை அணைத்துவிடு என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் சொல்கிறேன். என் எண்ணுக்கு மட்டும் ஒலியை விட்டு வை.

இன்னொன்று. நீ எனக்கு அமைத்துத் தந்த அந்தப் பொது நாட்காட்டியை நான் மட்டும்தான் ஒழுங்காக நிரப்பிக்கொண்டிருக்கிறேன். உன் பக்கம் வெறிச்சென்று கிடக்கிறது. எப்போது ஓய்வாக இருப்பாய் என்று தெரிந்துகொள்ள மூன்று முறை அழைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. அந்தக் காபிக் குடுவைக்காவது கேமரா இருந்தது. நீ வேலையில் இருக்கும் நேரத்தை மட்டுமாவது அதில் ஏற்றி வை.

அடுத்த மாதம் 12ஆம் தேதி காலை பத்து மணிக்குக் கண் பரிசோதனை என்று அதில் போட்டிருக்கிறேன். சொட்டு மருந்து போட்டால் திரும்பும்போது பார்வை மங்கலாக இருக்கும் என்றார்கள், கூட ஒரு ஆள் வந்தால் நல்லது. உன்னால் வர முடியும் என்றால் அங்கேயே "சரி" என்று அழுத்திவிடு, ஃபோன் செய்ய வேண்டியதில்லை. முடியாது என்றால் பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
அம்மா